முழுமைக்கு எதிர் எது? ஆங்கிலச் சொற்கள் சிலவும் தமிழ்ப் பெயர்ப்பும்

தம்பின் ஊருக்குத் தொடர்வண்டியில் வருவோர் நெகிரி செம்பிலானில் இறங்குவதில்லை. நிலையம் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்த பூலாவ் செபாங்கில் இருக்கிறது. இரண்டு ஊர்ப்பெயர்களையும் அது சேர்த்தே தாங்கி நிற்கிறது. கடைத்தெருவில் நடப்பவர்க்கு ஊர் ஒன்று. மாநில எல்லைக்கோடு அதனை இரண்டாக்குகிறது. 'தம்பின் முழுவதும் மழை பெய்தது' என்று நாம் எழுதினால் அம்மழை எல்லைக்கோட்டைத் தாண்டிப் பெய்ததா, இல்லையா? முழுவதும் என்னும் சொல் இதற்கு விடை கூறாது. எதனை ஒன்றெனக் கொள்கிறோம் என்பதை முன்பே முடிவு செய்துகொண்ட பிறகுதான் அச்சொல் வேலை செய்யத் தொடங்குகிறது. முழுமையைக் குறிக்கும் எந்தச் சொல்லும், எந்த மொழியிலும், இத்தகைய முன்முடிவு ஒன்றைத் தனக்குள் மறைத்து வைத்திருக்கிறது என்பதை முதற்கண் மனத்திற்கொள்வோம்.

ஆங்கிலத்தில் இப்பொருட்பரப்பைப் பல சொற்கள் பங்கிட்டுக் கொள்கின்றன. ஹோல், எண்டயர், கம்ப்ளீட், ஃபுல், டோட்டல், இன்டேக்ட், பெர்ஃபெக்ட் என்பன அவற்றுள் அன்றாட வழக்கில் உள்ளவை. இவற்றைத் தமிழில் தரும்போது நம் மாணவர்கள், ஆசிரியர்கள், செய்தியாளர்கள் அனைவரும் 'முழுமையான' என்னும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றனர். முழுமையான பட்டியல், முழுமையான தோல்வி, முழுமையான நலம், முழுமையான பாதுகாப்பு, முழுமையான மனிதன் என்று அடைமொழி மாறாமல் பெயர் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. விடுபடாத பட்டியல், படுதோல்வி, நோய் நீங்கிய உடல், குறையற்ற மனிதன் என்றெல்லாம் வேறுபடுத்திச் சொல்லும் வளம் நம் மொழிக்கு இல்லாமலில்லை. அவ்வளம் கைக்கு வராமல் போவது ஏன் என்பதே நம் வினா. சொற்பற்றாக்குறை இதற்குக் காரணமன்று. இச்சொற்களை நாம் உடன்பாட்டுப் பொருளில் மட்டும் கற்பிக்கிறோம். அவை ஒவ்வொன்றும் எந்தக் குறையை மறுக்கப் பிறந்தன என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டுவிட்டால் சொற்கள் தாமே பிரிந்து நிற்கும் என்பது நம் கருத்து.

ஹோல் என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் உடல்நலத்தைக் குறித்தது. நலம், குணமாக்கல், புனிதம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் மூன்றும் அதன் உடன்பிறப்புகள். இன்று அதன் எழுத்துக்கூட்டலின் முதலில் ஒலிக்காமல் நிற்கும் எழுத்துப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. அதனால் உறவு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் நோய் நீங்கியவர் 'ஹோல்' ஆனவராகவே குறிக்கப்படுகிறார். தமிழ் விவிலியம் நோய் நீக்கும் இடங்களில் 'சொஸ்தம்' என்னும் சொல்லை ஆள்வதை நாம் அறிவோம். தன்னில் தான் நிலைத்திருத்தல் என்பது அவ்வடமொழிச் சொல்லின் அடிப்பொருள். ஆக, ஹோல் மறுப்பது பிளவையும் நோயையும்.

எண்டயர் வேறு வழியில் வந்தது. 'தொடப்படாதது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே அதன் மூலம். இன்டேக்ட் என்பதும் அதே வேரினது. எனவே இவ்விரண்டும் மறுப்பது பிறர் கைபட்டதனால் நேர்ந்த குறையை. கம்ப்ளீட் என்பதன் வேர் 'நிரப்பு' என்னும் வினை. அது மறுப்பது காலியிடத்தை. டோட்டல் கூட்டுத்தொகையைச் சார்ந்தது; எதுவும் கணக்கில் விடுபடவில்லை என்பதற்கு மேல் அது பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. பெர்ஃபெக்ட் என்பது 'செய்து முடிக்கப்பட்டது'. ஃபுல் பற்றி விரிக்க வேண்டியதில்லை; கொள்கலன் ஒன்றைக் கற்பனை செய்துகொண்டால் போதும்.

இனித் தமிழுக்கு வருவோம். முழு, நிறை, முற்று என்னும் மூன்று அடிகளும் தத்தம் எதிர்களோடு வைத்துப் பார்க்கும்போது தெளிவாகத் தனித்து நிற்கின்றன. முழுவுக்கு எதிர் துண்டு, அரை, கீற்று என்பன. முழுத் தேங்காய் என்றால் உடைக்காத தேங்காய். நிறைக்கு எதிர் குறை. நிறைகுடம் என்னும்போது குடம் உடையாதது என்பதன்று பொருள். நீர் தளும்பாத அளவுக்கு உள்ளது என்பதே. முற்றுக்கு எதிர் ஒருபுறம் பிஞ்சு, மறுபுறம் எச்சம். முற்றிய தேங்காய் என்பது காலத்தால் தன் எல்லையை அடைந்தது. ஆகவே ஒரே தேங்காய் முழுத் தேங்காயாக இருந்தும் முற்றாத தேங்காயாக இருக்கலாம். முற்றிய தேங்காய் முழுத் தேங்காயாக இல்லாமலும் போகலாம். சமையலறையில் எவரும் இவ்விரண்டையும் குழப்புவதில்லை. எழுத்துக்கு வரும்போதுதான் இரண்டும் 'முழுமை' ஆகிவிடுகின்றன. பூரணம் என்னும் வடசொல் நிறையின் பக்கத்தைச் சார்ந்தது. கொழுக்கட்டைக்குள் வைக்கும் இனிப்புக்கு அப்பெயர் வந்ததும் அதனால்தான். உள்ளே நிரப்பப்படுவது அது.

தமிழுக்கே உரிய வேறொரு வழியும் உண்டு. மூன்றாம் வேற்றுமை ஓடு உருபினைக் கொண்டு முழுமையைச் சுட்டும் வழக்கை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. வேரோடு பிடுங்கினான், அடியோடு அழிந்தது, பூண்டோடு ஒழிந்தது, கூண்டோடு மாற்றினர், தோலோடு தின்றான் என்னும் தொடர்களில் முழுமைச்சொல் எதுவும் இல்லை. மாறாக, எது எஞ்சி நின்றிருக்கக்கூடுமோ அதனைப் பெயர்சொல்லி அழைத்து, அதுவும் சேர்ந்தே போயிற்று என்கிறோம். மரத்தைப் பிடுங்கினால் வேர் எஞ்சும்; பழத்தைத் தின்றால் தோல் எஞ்சும். ஆங்கிலச் சொற்கள் தம் வரலாற்றுக்குள் புதைத்து வைத்திருக்கும் எதிர்மறையைத் தமிழ் வெளிப்படையாகவே நாவில் வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பு வகுப்பில் இவ்வுருபைக் கற்பித்தாலே 'முழுமையாக' என்னும் சொல்லின் பாதிச் சுமை குறையும்.

இவ்வேறுபாடுகளை வெறும் சொல்நயம் என ஒதுக்குவோருக்குத் தோட்ட வரலாற்றிலிருந்து ஒரு சான்று காட்டலாம். 1950களில் மலாயாவில் ஐரோப்பிய உரிமையாளர் பலர் தம் இரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு மனைகளாகப் பிரித்து மறுபடி விற்றனர். தமிழர் இதற்கு இட்ட பெயர் 'துண்டாடல்'. 1951 முதல் 1960 வரையிலான இத்துண்டாடலை உங்கு அப்துல் அசீஸ் ஆராய்ந்து விரிவான அறிக்கை அளித்தார். தொழிலாளர் பலர் வேலையோடு குடியிருப்பையும் இழந்தனர். இதனை எதிர்கொள்ளவே 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களைத் துண்டாகாமல் வாங்குவதே அதன் நோக்கம்.

இங்கே இரண்டு ஆங்கிலச் சொற்களை வைத்துப் பார்ப்போம். ஆயிரம் ஏக்கர்த் தோட்டம் ஒன்று நூறு பேருக்குப் பத்துப் பத்து ஏக்கராக விற்கப்படுகிறது என்று கொள்வோம். விற்றபின்பும் 'டோட்டல்' ஆயிரம் ஏக்கரே. நில அலுவலகக் கணக்கில் ஓர் ஏக்கரும் குறையவில்லை. ஆனால் 'ஹோல்' அங்கே இல்லை. விடியற்காலைப் பெரட்டு இல்லை. நிரை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் இல்லை. பால் நிறுக்கும் கொட்டகை, ஆயாக் கொட்டகை, கோயில், பள்ளி ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்பார் இல்லை. பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்குத் தமிழ்ப்பள்ளி எதற்கு? மொத்தம் அப்படியே இருக்க, முழுமை மட்டும் அழிந்த நிகழ்வு இது. இதனை 'தோட்டம் முழுவதும் விற்கப்பட்டது' என்று ஒரு மாணவர் மொழிபெயர்த்தால் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் ஒரு தோட்டம் தோட்டமாகவே கைமாறியதற்கும் துண்டு துண்டாகக் கைமாறியதற்கும் உள்ள வேறுபாடு அவ்வாக்கியத்தில் காணாமற் போகிறது. ஒன்றில் முதலாளி மாறினார். மற்றதில் ஒரு சமூகமே குலைந்தது. தம்பின், கெமிஞ்சே, கிம்மாஸ் வட்டாரத் தோட்டங்களைப் பற்றிக் கட்டுரை எழுத முனையும் மாணவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது இதுவே: முழுவதும் என்கிறீரே, முழுத் தோட்டமா, மொத்த ஏக்கரா?

வணிகச் சொற்களும் இதற்குத் துணை நிற்கின்றன. ஹோல்சேல் என்று ஆங்கிலம் சொல்வதைத் தமிழ் 'மொத்த வணிகம்' என்கிறது. 'முழு வணிகம்' என்று எவரும் சொல்வதில்லை. ஆங்கிலம் வெட்டாத பொருளை எண்ணிப் பெயரிட்டது. தமிழ் குவித்து வைத்த பொருளை எண்ணிப் பெயரிட்டது. ஆங்கிலத்தின் 'ரீடெய்ல்' என்பதற்கு வேர்ப்பொருள் வெட்டுதல். நம் 'சில்லறை' என்பதிலும் சிறு துண்டு என்னும் பொருள் ஒலிக்கிறது. தோட்டத்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றனர் என்று சொன்னால் அக்கால வரலாறு ஒரே வரியில் அடங்கிவிடுகிறது.

பள்ளிக்கூடத்தில் இச்சிக்கல் கணக்குப் பாடத்திலேயே தொடங்குகிறது. 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் மலேசியப் பள்ளிகளில் நடப்புக்கு வந்தது. 2009இல் அதனைக் கைவிட அரசு முடிவெடுத்தது. அந்த ஆண்டுகளில் நம் ஆசிரியர்கள் ஒரே கருத்துக்கு மூன்று மொழிப் பெயர்களோடு நடமாட வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் 'ஹோல் நம்பர்'. மலாயில் 'நொம்போர் பூலாட்', அதாவது உருண்டை எண். தமிழில் முழு எண். ஆங்கிலமும் தமிழும் உடையாமையை எண்ணின. மலாய் மூலை முடுக்கற்ற வடிவத்தை எண்ணியது. கருத்தொருமிப்பைக் குறிக்கும் 'செபூலாட் சுவாரா' என்னும் மலாய்த் தொடரிலும் அதே உருண்டைதான் இருக்கிறது. 'இன்டிஜர்' என்பதோ மேலே கண்ட 'தொடப்படாதது' என்னும் இலத்தீன் சொல்லே. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதற்கு 'முழுக்கள்' என்றும் முந்தையதற்கு 'முழு எண்கள்' என்றும் பெயரிட்டுள்ளன. பன்மை விகுதி ஒன்றை வைத்து இரண்டு கருத்துகளைப் பிரிக்கும் இம்முயற்சி மாணவர்க்கு எளிதன்று என்பது வகுப்பில் நின்றவர் அறிந்ததே.

பின்னம் என்னும் சொல் இன்னும் ஆர்வமூட்டுவது. ஆங்கில 'ஃபிராக்ஷன்', வடமொழிவழி வந்த 'பின்னம்' ஆகிய இரண்டுக்கும் உடைந்தது என்பதே வேர்ப்பொருள். பழந்தமிழ்க் கணக்கு மரபோ இவற்றை உடைந்த எண்களாகப் பார்க்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்டவை மேல்வாயிலக்கம், ஒன்றுக்குக் கீழ்ப்பட்டவை கீழ்வாயிலக்கம் என்றே அது வகுத்தது. முக்கால், அரை, கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. மா இருபதில் ஒரு பங்கு. காணி எண்பதில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்த மாகாணி பதினாறில் ஒரு பங்கு. முந்திரி முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. தனக்கெனப் பெயருடைய ஒன்றை உடைசல் என்று எண்ணத் தோன்றுமா? முழுமையை ஒன்று என்னும் எண்ணோடு மட்டும் கட்டிப்போடாத சிந்தனை இதில் இருப்பதாக நாம் கருதுகிறோம்.

கல்வித்துறைச் சொற்களையும் விட்டுவிட இயலாது. 1988இல் வகுக்கப்பெற்ற தேசியக் கல்வித் தத்துவம் மனித ஆற்றலை வளர்ப்பது பற்றிப் பேசும்போது 'மெஞலுரு', 'பெர்செபாடு' என்னும் இரு மலாய்ச் சொற்களை அடுத்தடுத்து வைக்கிறது. ஆங்கிலத்தில் இவை ஹோலிஸ்டிக், இன்டகிரேட்டட் எனப்படுகின்றன. முன்னதன் தாய்ச்சொல்லான 'ஹோலிசம்' 1926இல் ஜான் ஸ்மட்ஸ் தம் நூலில் கிரேக்க வேரிலிருந்து ஆக்கியது. அது ஒலியால் ஆங்கில ஹோலை ஒத்திருப்பினும் வேரால் வேறானது. ஆசிரியர்களிடையே இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் பிழை பரவலாகவே உள்ளது. மலாய்ச் சொற்கள் இரண்டின் வேறுபாடு தெளிவானது. முதலாவது எங்கும் பரவுதல். எந்தப் புலமும் விடுபடாமை. இரண்டாவது ஒன்றாக இணைதல். புலங்கள் தனித்தனியே நில்லாமை. பின்னதற்கு 'ஒருங்கிணைந்த' என்னும் நல்ல சொல் கிடைத்துவிட்டது. முன்னதற்கு 'முழுமையான' என்றே பலரும் எழுதுகின்றனர். 'அனைத்தளாவிய' என்றோ 'விடுபாடற்ற' என்றோ எழுதினால் ஆசிரியர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள ஒரு வினா கிடைக்கும்: என் வகுப்பில் எது விடுபட்டது? 'முழுமையான' என்னும் சொல் அவ்வினாவை எழுப்புவதில்லை; கேட்பவரைத் தலையசைக்க வைப்பதோடு அது நின்றுவிடுகிறது.

எல்லாம் என்னும் சொல் தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே ஒன்று மட்டும். ஊரெல்லாம் என்றால் ஓர் ஊரின் பரப்பு. எல்லா ஊரும் என்றால் பல ஊர்களின் தொகை. ஆங்கிலம் இதற்கு இரு சொற்களைத் தேட, தமிழ் சொல்லின் இடத்தை மாற்றியே முடித்துவிடுகிறது. எதிர்மறை வினையோடு சேரும்போதோ முற்றும்மை தடுமாறுகிறது. 'எல்லாக் குடும்பங்களும் வெளியேறவில்லை' என்றால் ஒரு குடும்பமும் வெளியேறவில்லையா, சில வெளியேறினவா? முற்றும்மை சில இடங்களில் எச்சவும்மையாகும் என்று நன்னூலார் விதி வகுத்ததே இத்தடுமாற்றத்தைக் கண்டதனால்தான். துண்டாடப்பட்ட தோட்டத்தைப் பற்றிய அறிக்கையில் இவ்வாக்கியம் வந்தால் அதனை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு லயத்து மக்களின் கதையே மாறிவிடும்.

இதுவரை மொழிபெயர்ப்பைப் பேசினோம். இலக்கியத் திறனாய்விலும் 'முழுமை' இதே மயக்கத்தை உண்டாக்கியுள்ளது. மலேசியத் தமிழ் நாவல்களைப் பற்றிய கட்டுரைகளில் 'இந்நாவல் முழுமை பெறவில்லை' என்னும் தீர்ப்பை அடிக்கடி காண்கிறோம். பாத்திரங்கள் போதாமையா, முடிவு சரியில்லாமையா, பகுதிகள் ஒட்டாமையா என்பதை அத்தீர்ப்பு சொல்வதில்லை. அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்தின் செயலுக்கு இலக்கணம் கூறுகையில் இரண்டு சொற்களை அருகருகே வைத்தார். ஒன்று தன் இறுதியை எட்டியது என்னும் பொருளது. மற்றொன்று தொடக்கம், இடை, முடிவு என்னும் பகுதிகள் பொருந்தியது என்னும் பொருளது. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் முதலாவதற்குப் பெரும்பாலும் 'கம்ப்ளீட்' என்றனர். இதனால் இறுதியைப் பற்றிய சொல் நிரப்புதலைப் பற்றிய சொல்லாக மாறிப்போயிற்று. தமிழில் எழுதியிருந்தால் இவ்விடர் நேர்ந்திராது. முற்று என்பது அக்கிரேக்கச் சொல்லுக்கு ஆங்கிலத்தைவிட நெருக்கமானது. முழு என்பது அடுத்ததற்கு. நம்மிடம் இருக்கும் சொற்களை விட்டுவிட்டு ஆங்கிலத்தின் வழியே சுற்றிவந்து, இரண்டையும் 'முழுமை' என்று நாம் எழுதிக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது.

தொல்காப்பியர் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். செய்யுளியலில் அவர் எண்ணும் உறுப்புகளுள் எச்சமும் ஒன்று. சொல்லாமல் எஞ்ச விடப்பட்டது செய்யுளின் குறையன்று, அதன் உறுப்பு என்பது அவர் கொள்கை. அப்படியானால் முழுமையான செய்யுள் என்பது எஞ்சிய ஒன்றையும் தன்னுள் கொண்டது. ஆங்கிலச் சொற்கள் எதனாலும் இதனை எளிதில் பெயர்த்துவிட முடியாது. பதிப்புத்துறையில் பேசப்படும் எச்சம் வேறு. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்நூலுக்கு முழுப் பதிப்பு இருக்க முடியும். நிறைந்த நூல் இருக்க முடியாது. ஆயினும் கிடைத்துள்ள எட்டுப் பத்துகளும் தம்மளவில் குலையாதவை. 'கம்ப்ளீட்' இல்லை, 'இன்டேக்ட்' உண்டு என்று ஆங்கிலேயர் பிரித்துரைப்பார். நாமும் 'நிறையாதது, ஆயினும் குலையாதது' என்று சொல்லலாம்.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலையும் இவ்வளவைகளைக் கொண்டு அணுகிப் பார்க்கலாம். 1993இல் வெளிவந்த அந்நாவல் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதோரின் துயரைப் பேசுவது. திரும்பாதவரின் கதைக்கு முற்று உண்டா? அவர்களின் முடிவைக் கண்டவர் யார்? இத்தகைய பொருளை எடுத்துக்கொண்ட நூலிடம் நிறைவை எதிர்பார்த்து, அது இல்லையென்று குறைகூறுவது அளவை மாறிய செயல். எச்சம் உறுப்பாக அமைந்துள்ளதா என்று கேட்பதே அந்நாவலுக்கு ஏற்ற கேள்வி.

தம்பின் ஊருக்கு மீண்டும் வருவோம். அங்கிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளைப்பாதை இருந்தது. சப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம்-பர்மா பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இரு முனைகளிலிருந்தும் கட்டிவந்த அப்பாதை, 1943 அக்டோபர் 17இல் இணைந்து 415 கிலோமீட்டர் தொலைவுக்கு முற்றுப்பெற்றது. தம்பின் கிளைப்பாதை மறுபடி இடப்படவில்லை. மலாக்கா நகருக்குச் செல்வோர் இன்றும் பூலாவ் செபாங்கில் இறங்கிச் சாலைவழியே போகின்றனர். அதே தண்டவாளங்கள் ஓரிடத்தில் ஒரு பாதையை முற்றுவிக்க, மற்றோரிடத்தில் ஒரு பாதை அடியோடு போயிற்று. இதனை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம் மாணவர் முதற்பகுதிக்கு 'கம்ப்ளீட்டட்' என்பார். இரண்டாவதற்கு 'கம்ப்ளீட்லி ரிமூவ்ட்' என்பார்.